பிரசன்ட் டென்ஸ்ல பேஸிவ் வாய்ஸ்: திரும்பத் திரும்ப கேக்கற சந்தேகங்கள்

பரீட்சைக்கு படிக்கற பசங்க, வேலைக்கு தயாராகறவங்க, ஆபீஸ்ல தினமும் மெயில் எழுதறவங்கன்னு யார் வந்து இங்கிலீஷ் கிராமர் கேட்டாலும் பேஸிவ்ல மட்டும் ஒரே கேள்விகள்தான் வருது. அதனால அவங்க கேட்ட வார்த்தையிலேயே எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், வாய்விட்டு வாசிங்க, இந்த விஷயம் கண்ணை விட காதுல சீக்கிரம் ஏறும்.

பேஸிவ் வாய்ஸ்னா என்ன? ஆக்டிவ்லயே சொல்லிட்டு போலாமே, எதுக்கு திருப்பிப் போடணும்?

ஸ்கூல்ல செய்வினை, செயப்பாட்டு வினைன்னு படிச்சோமே அதேதான். "கண்ணன் கடிதம் எழுதுகிறான்" செய்வினை, "கடிதம் கண்ணனால் எழுதப்படுகிறது" செயப்பாட்டு வினை. ஆனா இதுல ஒரு சிக்கல் என்னன்னா, நாம பேசும்போது யாரும் "எழுதப்படுகிறது"ன்னு சொல்றதே இல்ல, அதனால இங்கிலீஷ்லயும் பேஸிவ்னா ஏதோ பரீட்சைக்காக கண்டுபிடிச்ச சமாச்சாரம்னு தோணிடுது.

உண்மையில அந்த வேலையை நாம பேச்சுல வேற மாதிரி செய்யறோம். "தினமும் ரூமை க்ளீன் பண்றாங்க"ன்னு சொல்லும்போது அந்த "பண்றாங்க" யாருன்னு சொல்றவருக்கும் கவலை இல்ல கேக்கறவருக்கும் கவலை இல்ல, பேச்சு ரூமைப் பத்தி. இந்த ஆள் இல்லாத "றாங்க" வர்ற இடத்துலதான் இங்கிலீஷ்காரங்க பேஸிவ் போடுவாங்க: "தி ரூம் இஸ் க்ளீன்ட் எவ்ரி டே". இதை மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்ப பேஸிவ் போடணும்ங்கற கேள்விக்கு பாதி பதில் கிடைச்ச மாதிரி.

சிம்பிள் பிரசன்ட்ல எப்படி மாத்தறது? ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்க.

"ஷீ ரைட்ஸ் எ லெட்டர்"னு வெச்சுக்குவோம். முதல்ல வெர்ப்பைப் பார்த்து "எதை?"ன்னு கேளுங்க, எதை எழுதறா, லெட்டரை. அந்த லெட்டரை தூக்கி முன்னாடி வைங்க. அடுத்து அதுக்கு ஏத்த ஆம், இஸ், ஆர்ல ஒண்ணு, அதுக்கப்புறம் வெர்ப்போட மூணாவது ஃபார்ம், அதாவது வி3. கடைசில தேவைப்பட்டா "பை" போட்டு செஞ்ச ஆளு. "எ லெட்டர் இஸ் ரிட்டன் பை ஹெர்". அவ்வளவுதான்.

ஷீ கடைசிக்குப் போகும்போது ஹெர் ஆயிடுச்சு பாருங்க. அதே மாதிரி ஐ, மீ ஆகும், ஹீ, ஹிம் ஆகும், வீ, அஸ் ஆகும், தே, தெம் ஆகும். யூ, இட் ரெண்டும் மாறாது. பின்னாடி இருந்து முன்னாடி வரும்போது இதெல்லாம் திரும்ப பழையபடி: "தே வாட்ச் மீ"ங்கறது "ஐ ஆம் வாட்ச்ட்".

இஸ் போடணுமா ஆர் போடணுமான்னு எனக்கு எப்பவும் குழப்பம் சார்.

குழப்பம் எங்க வருதுன்னா பழைய சப்ஜெக்டைப் பார்த்து போடறதால. "ஹீ ரைட்ஸ் லெட்டர்ஸ்"ல ஹீ ஒருத்தன்தானேன்னு "லெட்டர்ஸ் இஸ் ரிட்டன்"னு எழுதிடறாங்க. ஹீ இப்ப வாசலை விட்டு வெளியே போயாச்சு, அவனுக்கு வெர்ப் மேல உரிமை கிடையாது. புதுசா முன்னாடி உக்காந்திருக்கறது லெட்டர்ஸ், பன்மை, அதனால "லெட்டர்ஸ் ஆர் ரிட்டன் பை ஹிம்".

பிரசன்ட் டென்ஸ்தானே, அப்புறம் ஏன் ரிட்டன், டேக்கன்னு பாஸ்ட் மாதிரி வருது?

இது நல்ல கேள்வி, இதை கேக்காம மனப்பாடம் பண்ணவங்கதான் பின்னாடி தடுமாறறாங்க. வி3-க்கு பாஸ்ட் பார்ட்டிசிபிள்னு பேர் வெச்சதால வர்ற மயக்கம் இது. அது காலத்தை சொல்லவே சொல்லாது. "இஸ் ரிட்டன்", "வாஸ் ரிட்டன்", "வில் பீ ரிட்டன்" மூணுலயும் ரிட்டன் அசையாம அப்படியே நிக்குது, மாறறது முன்னாடி இருக்கற இஸ், வாஸ், வில் பீ மட்டும்தான். காலம் முழுக்க அந்த முன் பாதில இருக்கு. கீழ வர்ற பீயிங், பீன் எல்லாமே இந்த ஒரே விஷயத்தோட நீட்சிதான், அதனால இங்க கொஞ்சம் நின்னு யோசிச்சுட்டு போங்க.

வி2, வி3 ரெண்டையும் மாத்திப் போட்டுடறேன், என்ன பண்றது?

ரெகுலர் வெர்ப்ல ரெண்டும் ஒண்ணுதான், க்ளீன்ட், வாட்ச்ட், யூஸ்ட், அங்க தப்பே வராது. இர்ரெகுலர்லதான் மாட்டுவோம், "இஸ் டுக்", "இஸ் ரோட்"னு எழுதினா தப்பு, "இஸ் டேக்கன்", "இஸ் ரிட்டன்". இர்ரெகுலர் வெர்ப்ஸ் மொத்தம் சுமார் 200 இருக்கும், ஆனா அன்றாடம் புழங்கறது அதுல ஒரு பகுதிதான். கோ-வென்ட்-கான் மாதிரி மூணையும் சேர்த்து பாட்டு மாதிரி சொல்லிப் பழகறதைத் தவிர வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கட், புட் மாதிரி சிலது மூணு ஃபார்ம்லயும் மாறவே மாறாது. "ரீட்" இருக்கே அது எழுத்துல மாறாது, வாசிக்கும்போது மட்டும் "ரெட்"னு மாறும்: "திஸ் புக் இஸ் ரெட் பை மெனி பீப்பிள்".

டூ, டஸ் வந்தா அதை எங்க வைக்கறது?

எங்கயும் வைக்க வேணாம், எடுத்துடுங்க. "ஹீ டஸ் நாட் யூஸ் திஸ் ரூம்"ல அந்த டஸ் எதுக்கு வந்துச்சு, "நாட்"டைத் தாங்கிப் பிடிக்க. பேஸிவ்ல அந்த வேலைக்கு இஸ், ஆர் ஏற்கனவே இருக்கு. "திஸ் ரூம் இஸ் நாட் யூஸ்ட் பை ஹிம்". "டஸ் நாட் யூஸ்ட்"னும் எழுதறாங்க, "டஸ் நாட் இஸ் யூஸ்ட்"னும் எழுதறாங்க, ரெண்டும் தப்பு.

கேள்வியா இருந்தா எப்படி மாத்தறது?

முதல்ல சாதாரண வாக்கியமா பேஸிவ் பண்ணுங்க, அப்புறம் இஸ், ஆர் எதுவோ அதை முன்னாடி இழுங்க. "டஸ் ஷீ க்ளீன் தி ரூம்?" முதல்ல "தி ரூம் இஸ் க்ளீன்ட் பை ஹெர்", அப்புறம் "இஸ் தி ரூம் க்ளீன்ட் பை ஹெர்?". வேர், வென், ஒய் மாதிரி வார்த்தை இருந்தா அது எல்லாத்துக்கும் முன்னாடி அப்படியே நிக்கும்: "வேர் டூ தே கீப் தி கீஸ்?", "வேர் ஆர் தி கீஸ் கெப்ட்?".

ஹூ வந்தா மட்டும் கொஞ்சம் கவனம், ஏன்னா அங்க ஹூதான் செய்யற ஆளு. "ஹூ டீச்சஸ் யூ?"ங்கறது பரீட்சைல "பை ஹூம் ஆர் யூ டாட்?", பேச்சுல "ஹூ ஆர் யூ டாட் பை?". பேச்சுல வர்றதுல கடைசில இருக்கற "பை"யை விட்டுட்டா வாக்கியம் அந்தரத்துல நிக்கும்.

பீயிங் எப்ப வரும்? அதைப் பார்த்தாலே பயமா இருக்கு.

வேலை இப்ப நடந்துக்கிட்டு இருந்தா பீயிங். "வீடு கட்டிட்டு இருக்காங்க", "தே ஆர் பில்டிங் எ ஹவுஸ்", இதோட பேஸிவ் "எ ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்". ஆக்டிவ்ல பில்டிங்ல இருந்த "இங்" இங்க பீயிங்குக்கு இடம் மாறிடுச்சு, பில்ட் வழக்கம்போல வி3. நான் மேலே சொன்னேன்ல, காலம் எல்லாம் முன் பாதில இருக்கும்னு, நடந்துக்கிட்டு இருக்கறதைக் காட்டற "இங்"கும் அதனாலதான் முன் பாதிக்கு வந்துடுது.

பயப்படறதுல தப்பே இல்ல, ஏன்னா இங்கிலீஷ்காரங்களுக்கே இது ரொம்ப நாள் பழகல. 18-ஆம் நூற்றாண்டோட கடைசி வரைக்கும் அவங்க "தி ஹவுஸ் இஸ் பில்டிங்"னுதான் எழுதிட்டு இருந்தாங்க, வீடு தானே கட்டிக்காதுங்கறதால அர்த்தம் புரிஞ்சுது. "இஸ் பீயிங் பில்ட்" புழக்கத்துக்கு வந்தப்புறம்கூட 19-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரங்க சில பேர் இது அசிங்கமா இருக்குன்னு எதிர்த்தாங்க. இன்னிக்கு இது இல்லாம ஒரு நோட்டீஸ்கூட எழுத முடியாது.

அப்ப பீன்? பீயிங்கும் பீனும் எனக்கு ஒண்ணு மாதிரியே கேக்குது.

வேலை முடிஞ்சாச்சு, அதோட விளைவு இப்ப இருக்குன்னா பிரசன்ட் பெர்ஃபெக்ட், அதுல பீன். "ஷீ ஹாஸ் ஃபினிஷ்ட் தி வொர்க்", "தி வொர்க் ஹாஸ் பீன் ஃபினிஷ்ட்". "வேலை நடந்துட்டு இருக்கு"ன்னா பீயிங், "வேலை முடிஞ்சாச்சு"ன்னா பீன். ஹாஸா ஹாவான்னு கேட்டீங்கன்னா இஸ், ஆருக்கு சொன்ன அதே பதில், முன்னாடி உக்காந்திருக்கறதைப் பாருங்க.

கேக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் கூட்டாளிகள் வேற. பீயிங்குக்கு முன்னாடி ஆம், இஸ், ஆர்தான் வரும், பீனுக்கு முன்னாடி ஹாஸ், ஹாவ்தான் வரும். "இஸ் பீன் டன்", "ஹாஸ் பீயிங் டன்"னு எங்கயாவது எழுதியிருந்தீங்கன்னா உடனே அடிச்சுடுங்க.

இதை விட பெரிய தப்பு பீனையே முழுங்கிடறது, ஆபீஸ் மெயில்ல நான் அடிக்கடி பார்க்கறது இது. "யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் ரிஜெக்டட்"னு எழுதினா உங்க அப்ளிகேஷன் யாரையோ நிராகரிச்சுட்டதா அர்த்தம். "ஹாஸ் பீன் ரிஜெக்டட்"னு இருக்கணும். "தி ஃபைல் ஹாஸ் சென்ட்"டும் அதே கதைதான். ஒரு பீன் இல்லாததால வாக்கியம் ஆக்டிவ் ஆகி அர்த்தம் தலைகீழா போயிடுது, அதனால அனுப்பறதுக்கு முன்னாடி இதை மட்டுமாவது ஒரு தடவை பாருங்க.

ஹாஸ் பீன் ரைட்டிங்னு வந்தா அதுக்கு பேஸிவ் என்ன?

பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூஸுக்கு நடைமுறையில பேஸிவ் கிடையாது. கணக்குப்படி போட்டா "ஹாஸ் பீன் பீயிங் ரிட்டன்"னு வரும், அதை யாரும் சொல்றதில்ல, அந்த மாதிரி இடத்துல ஆக்டிவ்லயே விட்டுடுங்க.

கேன், மஸ்ட், ஷுட் இதெல்லாம் வந்தா?

அதுக்கப்புறம் "பீ", அப்புறம் வி3. "யூ கேன் டூ திஸ்", "திஸ் கேன் பீ டன்". "யூ மஸ்ட் சைன் தி ஃபார்ம்", "தி ஃபார்ம் மஸ்ட் பீ சைன்ட்". இஸ், ஆர் குழப்பமே இல்லாததால இருக்கறதுலயே சுலபம் இதுதான்.

பை ஹிம், பை தெம்னு கடைசில கண்டிப்பா போடணுமா?

பரீட்சைல ஆக்டிவ் வாக்கியத்தைக் கொடுத்து மாத்தச் சொன்னா, செஞ்சது குறிப்பிட்ட ஆளா இருந்தா போட்டுடுங்க, மார்க் விஷயம். ஆனா சம்வன், பீப்பிள், யார்னே தெரியாத தே இதெல்லாம் இருந்தா பரீட்சையிலயும் விட்டுடலாம். "சம்வன் க்ளீன்ஸ் தி ரூம்"ங்கறதை "தி ரூம் இஸ் க்ளீன்ட் பை சம்வன்"னு எழுதறதுல யாருக்கும் ஒரு தகவலும் கிடைக்கல.

நிஜத்துல எழுதும்போது இதை இப்படி யோசிங்க. முதல் கேள்வில சொன்ன அந்த ஆள் இல்லாத "றாங்க", அங்க ஆளு முக்கியமில்லன்னுதானே பேஸிவுக்கே போனோம், அப்புறம் அவரையே திரும்ப கூப்பிட்டு கடைசில உக்கார வைக்கறதுல அர்த்தம் இல்ல. செஞ்சவர் யாருங்கறதுதான் செய்தின்னா மட்டும் பை போடுங்க: "திஸ் பேஜ் இஸ் ரிட்டன் பை எ டாக்டர்".

சில இடத்துல பைக்கு பதிலா வித், டு எல்லாம் வருதே?

இதுல நம்ம தமிழே நம்மளை வழி மாத்தி விடுது. "அவனால் வெட்டப்படுகிறது", "கத்தியால் வெட்டப்படுகிறது", ரெண்டுலயும் ஒரே "ஆல்". இங்கிலீஷ்ல ஆளுக்கு பை, கையில வெச்சிருக்கற கருவிக்கு வித். "இட் இஸ் கட் பை ஹிம் வித் எ நைஃப்". இன்னொரு "ஆல்" கூட இருக்கு, "என்னால முடியும்"ங்கறதுல வர்றது, அதுக்கும் பேஸிவுக்கும் சம்பந்தமே இல்ல, அது "ஐ கேன்", அங்க "பை மீ"ன்னு போய் எழுதிடாதீங்க.

மத்தபடி சில வார்த்தைங்க சொந்தமா ஒரு ஜோடியோட வரும். நோன் டு, ஃபில்ட் வித், கவர்ட் வித், இன்டரஸ்டட் இன். "ஐ நோ ஹிம்"ங்கறது பரீட்சைல "ஹீ இஸ் நோன் டு மீ". இதுக்கு விதி தேடறதை விட வர்ற இடத்துல கவனிச்சு பழகிக்கறது மேல்.

கோ, ஸ்லீப், கம் இதுக்கெல்லாம் பேஸிவ் வரவே மாட்டேங்குதே, நான் என்ன தப்பு பண்றேன்?

ஒரு தப்பும் இல்ல, அதுக்கு பேஸிவ் கிடையாது. "எதை?", "யாரை?"ன்னு கேட்டுப் பாருங்க, எதை தூங்கறான்? பதில் இல்ல. தமிழ்ல செயப்படுபொருள் குன்றிய வினைன்னு படிச்சோமே, இதுதான் அது. முன்னாடி கொண்டு வர ஒரு பொருளே இல்லாதப்ப பேஸிவ் எப்படி வரும். இதே காரணத்தாலதான் "தி ஆக்ஸிடென்ட் இஸ் ஹாப்பன்ட்"ங்கறது தப்பு, ஹாப்பனும் கோ மாதிரிதான்.

பொருள் இருந்தும் பேஸிவ் வராத சிலதும் இருக்கு. "ஷீ ஹாஸ் எ கார்", "ஹீ ரிசெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்", "இட் காஸ்ட்ஸ் மச்", இதுல யாரும் எதையும் செய்யல, இருக்கற நிலையைச் சொல்றாங்க, அதனால அப்படியே விட்டுடணும். கன்ஸிஸ்ட்டும் பேஸிவ் ஆகாது. "இஸ் கன்ஸிஸ்டட் ஆஃப்"னு படிச்சவங்களே எழுதறாங்க, "கன்ஸிஸ்ட்ஸ் ஆஃப்"தான் சரி.

கிவ் மாதிரி ரெண்டு ஆப்ஜெக்ட் இருந்தா எதை முன்னாடி வைக்கறது?

எதை வேணாலும். "ஷீ கிவ்ஸ் மீ எ புக்"ல ஆளை முன்னாடி வெச்சா "ஐ ஆம் கிவன் எ புக் பை ஹெர்", பொருளை வெச்சா "எ புக் இஸ் கிவன் டு மீ பை ஹெர்". பொருளை வெக்கும்போது ஆளுக்கு முன்னாடி டு வரணும். ஆளை முன்னாடி வெக்கறதுதான் இங்கிலீஷ்ல காதுக்கு இயல்பா இருக்கும்.

"தே லுக் ஆஃப்டர் தி சைல்ட்", இதுல ஆஃப்டர் என்ன ஆகும்?

வெர்ப்போட ஒட்டியே வரும், விடக்கூடாது. "தி சைல்ட் இஸ் லுக்ட் ஆஃப்டர் பை தெம்". ஆஃப்டர் பை ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வருதேன்னு ஒண்ணை எடுத்துடறாங்க, எடுத்தா அர்த்தமே போச்சு. "இஸ் லாஃப்ட் அட் பை எவ்ரிவன்"னும் இப்படித்தான்.

"ஹீ மேக்ஸ் மீ வெயிட்" பேஸிவ்ல "டு" எங்கிருந்து வந்துச்சு?

மேக் ஆக்டிவ்ல டுவை ஒளிச்சு வெச்சிருக்கும், பேஸிவ்ல வெளிய வந்துடும்: "ஐ ஆம் மேட் டு வெயிட்". லெட் இந்த இடத்துல ஒத்துழைக்காது, அதுக்கு அலவ் போட்டுக்குங்க. "ஷீ லெட்ஸ் மீ கோ", "ஐ ஆம் அலவ்ட் டு கோ".

"க்ளோஸ் தி டோர்"னு கட்டளையா இருந்தா?

பரீட்சைக்கு "லெட் தி டோர் பீ க்ளோஸ்ட்". ப்ளீஸ் இருந்தா "யூ ஆர் ரிக்வெஸ்டட் டு க்ளோஸ் தி டோர்". முதல் வகையை பேச்சுல கேக்கறது அபூர்வம், ரெண்டாவது நோட்டீஸ்ல நிறைய வரும்.

"தி டோர் இஸ் க்ளோஸ்ட்"னா மூடறாங்கன்னு அர்த்தமா, மூடியிருக்குன்னு அர்த்தமா?

ரெண்டும் வரும், பக்கத்துல இருக்கற வார்த்தைதான் முடிவு பண்ணும். "தி டோர் இஸ் க்ளோஸ்ட் அட் நைன் எவ்ரி நைட்"னா தினமும் மூடுவாங்க, இது பேஸிவ். போய்ப் பார்த்துட்டு வந்து "தி டோர் இஸ் க்ளோஸ்ட்"னா மூடியிருக்கு, இங்க க்ளோஸ்ட் கதவோட நிலை, பிக், ஸ்மால் மாதிரி ஒரு அட்ஜெக்டிவ். இப்பதான் மூடிட்டு இருக்காங்கன்னா மேலே பார்த்த "இஸ் பீயிங் க்ளோஸ்ட்".

இதுக்கு எதிர்ப்பதத்துல நிறைய பேர் விழறாங்க. திறந்திருக்குன்னு சொல்ல "தி டோர் இஸ் ஓப்பன்", ஓப்பன்ட் கிடையாது, ஏன்னா ஓப்பனே அட்ஜெக்டிவ். "இஸ் ஓப்பன்ட்"னா யாரோ திறக்கறாங்கன்னு அர்த்தம்: "தி கேட் இஸ் ஓப்பன்ட் அட் சிக்ஸ்". க்ளோஸ்ட்டுக்கு ஒரே வார்த்தை ரெண்டு வேலை பாக்குது, ஓப்பனுக்கு ரெண்டு வார்த்தை தனித்தனியா இருக்கு.

"பீப்பிள் ஸே தட் ஹீ இஸ் ரிச்", இதை எப்படி மாத்தறது?

ரெண்டு வழி. "இட் இஸ் ஸெட் தட் ஹீ இஸ் ரிச்", இல்லன்னா "ஹீ இஸ் ஸெட் டு பீ ரிச்". நமக்கு தமிழ்ல இதுக்கு அழகா ஒரு எழுத்து வேலை இருக்கு, "அவர் பணக்காரராம்". அந்த "ஆம்" தான் இங்க "இஸ் ஸெட் டு", சொன்னது யாருன்னு தெரியாது, நான் பொறுப்பும் இல்ல. முன்னாடி நடந்ததைச் சொன்னா ஹாவ் சேர்த்துக்கணும், "அவர் இங்க இருந்தாராம்", "ஹீ இஸ் ஸெட் டு ஹாவ் லிவ்ட் ஹியர்".

"ஐ ஆம் பார்ன் இன் 1998"னு எல்லாரும் சொல்றாங்களே, சரிதானே?

தப்பு, "ஐ வாஸ் பார்ன் இன் 1998". நான் இப்பவும் உயிரோட இருக்கேனே அதனால ஆம்தானேன்னு ஒருத்தர் ரொம்ப நேரம் வாதாடினார், அவர் பார்ன்ங்கறதை பிக், ஸ்மால் மாதிரி நிலைன்னு நினைச்சுட்டார். பார்ன்ங்கறது பெத்தெடுக்கறதுன்னு அர்த்தம் வர்ற பேர்ங்கற வெர்ப்ல இருந்து வந்தது, அது ஒரு நாள் நடந்து முடிஞ்ச நிகழ்ச்சி, அதுவும் வருஷத்தோட சொல்லிட்டோம், அப்ப முன் பாதில பாஸ்ட்தான் வரணும்.

பிரசன்ட்ல பார்ன் வரவே வராதான்னா வரும், வழக்கமா நடக்கறதை சொல்லும்போது: "தவுசண்ட்ஸ் ஆஃப் பேபீஸ் ஆர் பார்ன் எவ்ரி டே".